வெம்ப்ளி மைதானச் சுற்றுலா: 1988 இறுதியாட்டத்தைக் கண்ட ஒருவனின் மதிப்பீடு

லண்டனுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கும் உறவினர்கள், வெம்ப்ளி மைதானத்தைச் சுற்றிக்காட்டும் சேவைக்குப் பணம் கொடுத்துப் போகலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். ஆட்டம் எதுவும் நடக்காத நாளில் வெறும் கதிரைகளையும் புல்லையும் பார்க்க ஏன் செலவழிக்க வேண்டும் என்ற தயக்கம் அந்தக் கேள்விக்குள் இருக்கும். சென்ற பாடசாலை விடுமுறையில் என் தந்தையாரையும் பதினொரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு போய்வந்த பிறகு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. போகலாம், சிறு வயதில் ஒரு முறையேனும் பெரிய இறுதியாட்டமொன்றைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்தவர்கள் கட்டாயம் போக வேண்டும். அன்று தொலைவில் நின்று பாதி மட்டுமே பார்த்த ஒரு நாளின் மற்றப் பாதியை இந்தச் சுற்றுலா எனக்குக் காட்டியது. ஆகவே அந்த நாளைச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட என்னால் இயலாது.

நான் பார்த்த, இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் 1988 மே 14ஆம் திகதி, லிவர்பூலுக்கும் விம்பிள்டனுக்கும் இடையில் நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் லண்டனுக்கு வந்து டூட்டிங்கில் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விம்பிள்டன் கழகத்தின் பிளவ் லேன் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் போகும் எஃப்ரா வீதிக் கணபதி கோயிலிலிருந்தும் அது அதிகத் தூரமில்லை. இளவாலையில் படித்த காலத்தில் உதைபந்தாடிய அப்பா, இங்கே பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்தார். சனிக்கிழமை காலையில் வந்து படுத்து, மத்தியானம் எழுந்து முகம் கழுவி, என் கையைப் பிடித்துக்கொண்டு பிளவ் லேனுக்கு நடப்பார். இந்த நாட்டில் எங்களுக்கென்று முதலில் கிடைத்த அணி அதுதான்.

அந்த அணியின் கதையை அறியாதவர்களுக்கு அன்றைய நாளின் பெறுமதி விளங்காது. விம்பிள்டன் 1977இல்தான் இங்கிலாந்தின் லீக்கினுள் சேர்த்துக்கொள்ளப்பட்டது. நான்காம் பிரிவிலிருந்து ஏறி, ஒன்பதே ஆண்டுகளில், 1986இல், முதற்பிரிவுக்கு வந்தது. எதிரே நின்ற லிவர்பூலோ அந்தப் பருவத்தின் லீக் வெற்றியாளர். 40 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்ற அணி. பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி, ஆல்ட்ரிட்ஜ் என்று பெயர்களைச் சொல்லும்போதே பாடசாலையில் என் நண்பர்கள் சிரிப்பார்கள், எங்களுக்கு எத்தனை கோல் விழும் என்று பந்தயம் கட்டுவார்கள். அரையிறுதியில் லூட்டனை 2-1 என்று வென்ற நாளிலிருந்து அப்பா ரிக்கற்றுக்கு அலைந்தார். கடைசியில் அவருடன் வேலை செய்த ஆங்கிலேயர் ஒருவர் இரண்டு ரிக்கற்றுகளை வாங்கிய விலைக்கே கொடுத்தார்.

அன்று நல்ல வெயில். அம்மா பாணுக்குள் சீனிச்சம்பல் வைத்து, மெழுகுத்தாளில் சுற்றித் தந்தார். டூட்டிங் புரோட்வேயில் ஏறி, சாரிங் குரொஸில் ஜூபிலி ரயிலுக்கு மாறி வெம்ப்ளி பார்க்கில் இறங்கினோம். நிலையத்தின் படிகளில் நின்று பார்த்தால் நேரான நீண்ட வீதி, அதன் முடிவில் வெள்ளை நிறத்தில் இரண்டு கோபுரங்கள். எனக்கு அவை கோயில் கோபுரங்களைப் போலவே தோன்றின. அப்பாவிடம் அதைச் சொன்னதும், “ஓம் மகன், இண்டைக்கு இஞ்சை திருவிழாதானே” என்றார். 98,203 பேர் அன்று அந்த அரங்கில் இருந்தார்கள் என்பதைப் பின்னர் படித்து அறிந்துகொண்டேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது முதுகுகளும் தோள்களும் சிகரெட் புகையும் மட்டுமே. கோலுக்குப் பின்னால் இருந்த நிற்குமிடத்தில், இரும்புத் தடுப்பு ஒன்றின் மேல் என்னை இருத்தி, இடுப்பை இறுகப் பிடித்தபடி அப்பா பின்னால் நின்றார். ஆட்டத்துக்கு முன்னர் 1927 முதல் வழக்கமாகப் பாடப்படும் வேதப்பாடலை அத்தனை பேரும் சேர்ந்து பாடியபோது, பாட்டின் ஒரு சொல்லும் தெரியாத நாங்களும் எழுந்து நின்று உதடுகளை அசைத்தோம்.

37ஆவது நிமிடத்தில் எங்கள் டெனிஸ் வைஸ் அடித்த சுயாதீன உதையை எங்கள் லோறி சான்செஸ் தலையால் முட்டினார். பந்து உயர்ந்து வளைந்து, லிவர்பூல் கோல்காப்பாளர் குரொபெலாரைத் தாண்டி வலைக்குள் போனது. அதை நான் பார்த்தேன். அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் லிவர்பூலுக்குத் தண்ட உதை கிடைத்தபோது எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் நுனிக்காலில் எழும்பிவிட்டார்கள். அப்பா என்னைத் தோளுக்கு மேலே தூக்கினார். அப்போதும் ஒரு பச்சைத் தொப்பியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. முதலில் மௌனம், பிறகு ஓர் இரைச்சல். ஆல்ட்ரிட்ஜ் அடித்த பந்தை எங்கள் கோல்காப்பாளரும் தலைவருமான டேவ் பீசன்ட் தன் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டங்களில் தண்ட உதையொன்று தடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. வரலாற்றில் நின்ற அந்தக் கணத்தை, அங்கேயே இருந்தும், நான் காதால் மட்டுமே கண்டேன். ஆட்டம் 1-0 என்று எங்கள் வெற்றியாக முடிந்து பீசன்ட் 39 படிகளை ஏறி இளவரசி டயானாவிடம் கிண்ணத்தை வாங்கியபோதும் எனக்குத் தெரிந்தது தொலைவில் ஒரு வெள்ளிப் பொட்டு மட்டுமே. பழைய வெம்ப்ளியில் ஆடுகளத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே நாய் ஓட்டப் பாதை ஒன்று இருந்தது. கோலுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு எல்லாமே எட்டத்தில்தான்.

இனிச் சுற்றுலாவுக்கு வருகிறேன். முதலில் ஓர் எச்சரிக்கை. நான் அவசரத்தில் இடைத்தரகு இணையத்தளம் ஒன்றினூடாக முதலில் ரிக்கற் வாங்கி, அதன் திகதியை மாற்ற முடியாமல் அந்தப் பணத்தை இழந்தேன். பின்னர் மைதானத்தின் சொந்த இணையத்தளத்தில் பதிவு செய்தபோது எல்லாம் சுலபமாகவே முடிந்தது. அங்கேயே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். போட்டிகளோ இசை நிகழ்ச்சிகளோ இருக்கும் நாட்களில் சுற்றுலா நடப்பதில்லை என்பதால் நாளை முன்கூட்டியே பார்த்து வைப்பதும் அவசியம்.

இம்முறை லண்டன் பிரிட்ஜில் ஜூபிலி ரயிலுக்கு மாறினோம். வெம்ப்ளி பார்க்கில் இறங்கியதும் அப்பா வழக்கம்போலப் படிகளின் மேல் நின்று பார்த்தார். கோபுரங்கள் 2003இல் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் இடத்தில், 2007இல் திறக்கப்பட்ட புதிய அரங்கின் மேலாக, நிலத்திலிருந்து 133 மீற்றர் உயரத்துக்கு எழும்பி 315 மீற்றர் அகலத்துக்கு வளைந்து நிற்கிறது ஒரு வெள்ளை வளைவு. அழகுக்காக வைத்தது என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கூரையின் பெரும் பகுதியை அந்த வளைவே தாங்குவதால், உள்ளே பார்வையை மறைக்கும் தூண் ஒன்றுமில்லை என்று வழிகாட்டி விளக்கியபோது எனக்குப் பச்சைத் தொப்பி நினைவுக்கு வந்தது. 90,000 இருக்கைகளில் எதிலிருந்து பார்த்தாலும் ஆடுகளம் முழுவதும் தெரிகிறது. மகள் வேண்டுமென்றே மிகவும் உயரமான, மிகவும் மூலையான கதிரையைத் தேடிக் கண்ணால் அளந்துவிட்டு, “அங்கேயிருந்தும் ரெண்டு கோலும் தெரியும் அப்பா” என்றாள். ஒன்பது வயதில் நான் பட்ட ஏமாற்றம் இனி எந்தப் பிள்ளைக்கும் இங்கே வராது. பழைய அரங்கை இடித்ததற்காக நெடுங்காலம் மனம் கசந்திருந்த நான், அந்த இடத்தில்தான் அதை முதல் முறையாக ஏற்றுக்கொண்டேன்.

சுற்றுலா ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் நீடித்தது. எங்களுடன் இருபது பேரளவில் வந்தார்கள். வழிகாட்டி நடுத்தர வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார், அவசரப்படுத்தவில்லை, கேள்வி கேட்ட பிள்ளைகளுக்குக் குனிந்து பதில் சொன்னார். இப்படிப்பட்ட சேவைகளின் தரம் பெரும்பாலும் வழிகாட்டியின் கையில்தான் இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தவர் தன் வேலையை நேசிப்பவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காட்சிக்கு வைத்திருப்பவற்றில் என்னை நிறுத்திவைத்தது 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் குறுக்குக் கம்பம். மேற்கு ஜெர்மனிக்கு எதிராக, மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் அடித்த பந்து அந்தக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அது கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். ஆனாலும் ஐரோப்பாவின் இரண்டு நாடுகள் அறுபது ஆண்டுகளாகச் சண்டை போடுவது இந்தக் கட்டையின் கீழ்ப்பக்கத்தைப் பற்றித்தான் என்ற எண்ணம் வந்ததும் அதை விட்டு நகர மனம் வரவில்லை. செய்தியாளர் சந்திப்பு அறை எனக்குச் சாதாரணமாகவே பட்டது. ஒலிவாங்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுப்பதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி; பெரியவர்கள் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம்.

உடைமாற்றும் அறையில் மகள் நெடுநேரம் நின்றாள். அவளுடைய இறுதியாட்டம் வேறு. 2022 யூலை 31ஆம் திகதி இங்கிலாந்துப் பெண்கள் அணி இதே அரங்கில் 87,192 பேருக்கு முன்னால் ஜெர்மனியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்ததை எட்டு வயதில் எங்கள் வீட்டு விறாந்தையில் தொலைக்காட்சியில் பார்த்தவள் அவள். 110ஆவது நிமிடத்தில் குளோயி கெல்லி அடித்த வெற்றிக் கோல் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பதே அவள் வழிகாட்டியிடம் கேட்ட முதற்கேள்வி. அவர் கையால் காட்டியதும், அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: ஆண்களின் வரலாற்றைப் பார்க்க மட்டும் வரும் இடமாக வெம்ப்ளி இப்போது இல்லை.

சுற்றுலாவின் உச்சம் சுரங்கவழிதான். பழைய அரங்கில் அணிகள் ஒரு கோலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, நீள நடந்து மைதானத்தின் நடுவுக்குப் போவார்கள்; அந்த நடையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இப்போது வழி நடுக்கோட்டுப் பக்கத்திலேயே திறக்கிறது. வாசலில் நின்றபோது பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அது பதிவு செய்த சத்தம் என்று தெரிந்தும் என் கைகளில் மயிர் கூச்செறிந்தது. விம்பிள்டனின் வின்னி ஜோன்ஸும் ஃபஷானுவும் அன்று லிவர்பூல் வீரர்களின் காதுபடக் கத்திக்கொண்டு வந்தார்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட்டத்திலிருந்து பார்த்த எனக்கு அவர்கள் நீலச் சட்டைகளின் வரிசையாக மட்டுமே தெரிந்தார்கள். வெளியே வெளிச்சம், உள்ளே இருள், நடுவில் சில அடிகள் மட்டும் இருக்கும் அந்த இடத்தில் நின்ற பிறகுதான், பாத்திரத்தைப் போல விளிம்புவரை நிறைந்த ஓர் அரங்குக்குள் காலடி வைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. புல்லை மிதிக்க அனுமதியில்லை. அது சரியான விதி. எல்லோரும் மிதித்தால் புல் மிஞ்சாது. ஆடுகளம் பழையதைவிட நான்கு மீற்றர் தாழ்வாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சான்செஸ் துள்ளிய இடம் இப்போது அந்தரத்தில், எங்கள் தலைகளுக்கு மேலே எங்கோ இருக்கிறது என்று மகளுக்குச் சொன்னேன். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

கிண்ணம் வாங்க ஏற வேண்டிய படிகள் இப்போது 107. மகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினாள். அப்பாவுக்கு 78 வயது, முழங்கால் ஒத்துழைக்காது. வழிகாட்டி அதை நாங்கள் சொல்லுமுன்னரே கவனித்து, இன்னொரு ஊழியரை அழைத்து, மின்தூக்கியில் மேலே அனுப்பிவைத்தார். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனபோது அப்பா ஏற்கெனவே அரச மாடத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதியவர்களை அழைத்துவரத் தயங்குபவர்களுக்கு இந்தச் சேவையைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிக நல்ல செய்தி இதுதான்: அவரை ஒரு சுமையாக யாரும் ஒரு கணமும் நடத்தவில்லை.

அப்பா பழைய ஆட்ட நிகழ்ச்சிநூலைப் பையில் கொண்டுவந்திருந்தார். ஓரங்கள் மஞ்சளாகி, நடுவில் ஒரு மடிப்புக் கிழிந்து, ஒரு பக்கத்தில் சீனிச்சம்பல் எண்ணெயின் வட்டம் பதிந்திருக்கும் அந்த நூலை அவர் வழிகாட்டியிடம் நீட்டினார். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்; பின்னால் இன்னொரு குழு காத்திருந்தபோதும் எங்களுக்கு நேரம் கொடுத்தார். நாங்கள் நின்ற பக்கம் எது என்று அப்பா காட்டினார். நான் வேறொரு பக்கத்தைக் காட்டினேன். இருவரும் வாதிட்டோம். அப்போது மகள், “அப்பப்பா, நீங்களாவது அந்தப் பந்தைப் பிடிச்சதைப் பாத்தனீங்களா?” என்று கேட்டாள். பீசன்ட் பாய்ந்த விதத்தை முப்பத்தேழு ஆண்டுகளாக வீட்டுக்கு வருவோர்க்கெல்லாம் கையை நீட்டிக் காட்டியவர் அப்பா. அவர் கொஞ்ச நேரம் ஆடுகளத்தைப் பார்த்தார். “நான் எங்கை பாத்தனான், இவனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்” என்றார்.

இனி வருவோருக்குச் சில குறிப்புகள். வளைவும் 1966இல் இங்கிலாந்து அணித் தலைவராக இருந்த பொபி மூரின் சிலையும் தெரியும்படி வெளியே படம் எடுக்க விரும்பினால் சுற்றுலா தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னர் போங்கள். காற்று உள்ளே குளிராக வீசுகிறது. கோடையிலும் ஒரு மேற்சட்டை வேண்டும். உதைபந்தாட்டத்தில் ஆர்வமே இல்லாத ஒருவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள், அவருக்கு அது ஒரு பெரிய கட்டடமாக மட்டுமே இருக்கும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் நடை கொஞ்சம் கூட. முடிந்த பின்னர் பசித்தால் ஈலிங் வீதிக்குப் பேருந்தில் போகலாம். எங்கள் ஆட்களின் கடைகள் அங்கே நிறைய உண்டு, அல்பேர்ட்டன் ஈழபதீஸ்வரர் ஆலயமும் பக்கத்தில்தான்.

விம்பிள்டன் ஆதரவாளர்களுக்கு மட்டும் இன்னொன்று. பிளவ் லேனை 1991இல் இழந்து, பின்னர் கழகத்தையே மில்ற்றன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுக்கப்பட்டபோது, 2002இல் ஆதரவாளர்களே சேர்ந்து ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள், 2020இல் அது பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் புதிய பிளவ் லேனுக்குத் திரும்பிவந்தது. வெம்ப்ளிக்குப் போகும் அதே கிழமையில் அங்கேயும் ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். நாங்கள் அடுத்த சனிக்கிழமை போனோம். அம்மா மூன்று பேருக்கும் பாணும் சீனிச்சம்பலும் சுற்றித் தந்தார்.